ஸ்டெல்லாக்காவுக்குக் கவனம் இருந்தது

செய்தி வந்து நாலு மணி நேரம் என் லாக்கருக்குள் கிடந்தது. எங்கள் கம்பெனியில் லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. காலை ஆறு மணி ஷிப்டுக்கு உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனவள், பத்து மணி டீக்குத்தான் திறந்து பார்த்தேன். ஸ்டெல்லாக்காவின் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணன் ஏழு தடவை கூப்பிட்டிருந்தார். கடைசியில் ஒரு குரல் பதிவு. முதலில் வண்டிச் சத்தம், யாரோ ஒரு நர்ஸ் எதையோ கேட்கும் சத்தம், அப்புறம் அவர் குரல்: "ஸ்டெல்லா நம்மள உட்டுட்டு பூட்டாம்மா." அவ்வளவுதான்.

அந்த நாலு மணி நேரமும் நான் கார் முன்விளக்கு மூடிகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் கீறல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. அப்படியொரு கவனம் எனக்கு. இந்தக் கவனத்தை வைத்துக்கொண்டு நான் என்ன ஆட்டம் ஆடினேன் என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

நம் ஞாயிற்றுக்கிழமைப் படிப்புக் குழுவில் நாலு வரி எழுதிக் கொடு மாரி, படத்தோடு வாட்ஸ்அப்பில் போடலாம் என்று கேட்டீர்கள். உட்கார்ந்து பார்த்தேன். அன்பானவர், பண்பானவர், ஆண்டவர் அழைத்துக்கொண்டார் என்றெல்லாம் எழுத எனக்குக் கை வரவில்லை. ஆண்டவர் செய்தது அவரோடு போகட்டும். நான் செய்ததை நான்தானே சொல்ல வேண்டும்? எட்டு மாதம் ஒரு நோயைப் பார்த்து, கவனம் இல்லை, கவனம் இல்லை என்று திட்டியிருக்கிறேன். நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். இதைப் படித்துவிட்டு என்னோடு பேசாமல் போனாலும் சரி.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஸ்டெல்லாக்கா மணிமங்கலத்துக்காரர். ஒரகடம் பக்கத்தில் நாங்கள் வேலை பார்க்கும் கம்பெனியில் தரம் பார்க்கும் மேஜையில் ஆறு வருடம் என் இடது கைப்பக்கம் நின்றவர். நின்றவர் என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் மேஜைக்கு நாற்காலி கிடையாது, எட்டு மணி நேரமும் நிற்க வேண்டும். அவரும் நானும் கான்ட்ராக்ட்தான். அவர் மூன்று முறை அரசு வேலைக்கான குரூப் தேர்வு எழுதியவர். மூன்று முறையும் கொஞ்சத்தில் போயிற்று. நாலாவது முறைதான் கடைசி, அதற்கப்புறம் வயது வரம்பு தாண்டிவிடும். அந்தக் கடைசி முறைக்குத்தான் நாங்கள் இருவரும் சேர்ந்து படித்தோம்.

எதற்கக்கா உனக்கு இந்த வயதில் அரசாங்க வேலை என்று நான் ஒருநாள் கேட்டேன். பென்ஷன், மரியாதை என்று ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், "எனக்கு ஒரு சேர் வேணும்டி" என்றார். "என் பேரு போட்ட மேஜ கூட வேணாம். ஒரு சேர். அதுல குந்திகினு கால ஆட்டிகினே நாலு பேருக்கு மனு எழுதிக் குடுக்கணும். யாராவது வந்து இன்னாம்மா குந்திகினு கீறன்னு கேட்டா, ஆமாய்யா, கவர்மென்ட்டே குந்த சொல்லிகீதுன்னு சொல்லணும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களை எதிர் சீட்டின் கம்பியில் தூக்கி வைத்துக்கொள்வார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருக்கும்.

படிப்பெல்லாம் அந்தக் கம்பெனி பஸ்ஸில்தான். அவர் மணிமங்கலத்தில் ஏறி எனக்கு இடம் பிடித்து வைப்பார், நான் படப்பை ஹாஸ்டல் வாசலில் ஏறுவேன். போகும்போது பொது அறிவு, வரும்போது உரைப்பத்தி. ஒரு பத்தியைக் கொடுத்து அதன் அடியில் ஐந்து கேள்வி கேட்பார்களே, அதுதான். அவருக்குக் கணக்கு தண்ணி பட்ட பாடு. இலக்கணம் சொன்னால் பிடித்துக்கொள்வார். உரைப்பத்தி மட்டும் சுத்தமாக வராது. முன்பெல்லாம் அவ்வளவு மோசமில்லை என்பார். நான் நம்பவில்லை. தேர்வில் தவறியவர்கள் எல்லாரும் சொல்வதுதானே என்று விட்டுவிட்டேன்.

எனக்கு வாய் நீளம் என்பது உங்களுக்குத் தெரியும். எம்.ஏ. முடித்திருக்கிறேன், அதில் ஒரு திமிர். பத்து நிமிடத்தில் அவரைச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். கவனம் சிதறாமல் படிப்பது எப்படி என்று போனில் வீடியோ போட்டு எத்தனை பேர் பேசியிருக்கிறார்களோ அத்தனையையும் அவர்மேல் சோதித்தேன். வரிக்கு அடியில் ஸ்கேல் வைத்துப் படிக்கச் சொன்னேன். வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். கேள்வியை முதலில் படித்துவிட்டுப் பத்திக்குப் போகச் சொன்னேன். விரலை வைத்துக்கொண்டு போ என்றேன். அவர் எல்லாவற்றையும் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் செய்தார். "காலு நின்னா நிக்கட்டும்டி, மனசு குந்தணும். அதான் படிப்பு" என்று அவரே எனக்கு ஒரு பாடம் சொன்னார். அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்தேன்.

நான் செய்த இன்னொரு காரியம், டிக் போடுவது. அவர் வாய்விட்டுப் படிக்கும்போது பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே வருவேன். எந்தச் சொல்லை விட்டாலும் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு டிக். பத்தி முடிந்ததும் எண்ணிக் காட்டுவேன். எங்கள் மேஜையில் கீறல் கண்ட இடத்தில் மார்க்கர் வைக்கும் பழக்கம்தான். பீஸ் பார்ப்பதுபோல் ஆளையும் பார்த்தேன்.

ஒருமுறை உப்பளத்தைப் பற்றிய பத்தி. நான் தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்து ஊரில் பிறந்தவள், எனக்குக் கேட்கவா வேண்டும். 'மழைக்காலத்தில் உப்பு' என்று ஒரு வரி முடிந்து, 'விளைவதில்லை' என்று அடுத்த வரி தொடங்கும். அக்கா அந்த 'விளைவதில்லை'யை அப்படியே விட்டுவிட்டு அடுத்த சொல்லிலிருந்து படித்துக்கொண்டு போனார். கேள்விக்கு, மழைக்காலத்தில்தான் உப்பு நன்றாக எடுப்பார்கள் என்று பதில் சொன்னார். எனக்கு ஆத்திரமாக வந்தது. "ஏக்கா, படிக்கியா, கனவு காணுதியா? மழையில எங்கயாவது உப்பு வெளையுமா? கண்ணு முன்னால எழுதியிருக்கான், அதக்கூடப் பாக்க முடியலயா?" என்றேன். பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் புத்தகத்தைக் கண்ணுக்கு ரொம்பக் கிட்டே கொண்டுபோய், "தோ கீதுடி. மெய்யாலுமே முன்ன இல்ல. இப்பதான் வந்துது" என்றார். பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஸ்ரீபெரும்புதூர் டியூஷன் ரூமில் நாம் மாதிரித் தேர்வு வைத்தோமே, அது உங்களுக்கு நினைவிருக்கும். எல்லாரும் எழுதிக்கொண்டிருக்க, அக்கா கையைத் தூக்கி, "இன்னாபா, இந்தக் கேள்விக்கு ரெண்டே விடைதான் போட்டுகிறான்" என்றார். நாலு விடை இருந்தது. இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் இரண்டு. அறையே வெடித்துச் சிரித்தது. "அக்காவுக்கு மட்டும் பாதி டிஸ்கவுன்ட்" என்று உங்களில் ஒருவர் சொன்னீர்கள், யார் என்று எழுதவில்லை. அவரும் நம்மோடு சேர்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு பேப்பரை மெல்ல இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு என் பேப்பருக்குத் திரும்பிவிட்டேன், எனக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது.

கம்பெனியிலும் அதே நேரத்தில்தான் சிக்கல் தொடங்கியது. கீறல் விழுந்த பீஸ் எங்கள் கண்ணைத் தாண்டி, வாங்குகிற இடத்திலிருந்து திரும்பி வந்தால் ஒரு தாள் நிரப்ப வேண்டும். ஒய்-ஒய் ஷீட் என்போம். அதில் ஐந்து கட்டம். ஏன் நடந்தது என்று கேட்டு முதல் கட்டத்தில் பதில், அந்தப் பதிலுக்கு ஏன் என்று கேட்டு இரண்டாவது கட்டத்தில் பதில், இப்படி ஐந்து ஏன் தோண்டிக்கொண்டு போனால் கடைசியில் உண்மையான காரணம் கிடைக்குமாம். பயிற்சியில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். நாங்கள் யாரும் இரண்டாவது கட்டத்தைத் தாண்டியது கிடையாது. ஏன் தாண்டிப் போனது? கீறலைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? கவனக்குறைவு. மிச்ச மூன்று கட்டத்திலும் ஒரு கோடு. அந்தச் சொல்லை எழுதிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. மெஷினை நிறுத்த வேண்டாம், விளக்கை மாற்ற வேண்டாம், ஆளைக் கூப்பிட்டுப் புத்தி சொல்லிக் கையெழுத்து வாங்கினால் போதும்.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சூப்பர்வைசர் அந்தத் தாள்களை என்னிடம்தான் தருவார். ஸ்டெல்லாக்காவின் பெயருக்கு நான் மூன்று தாள் எழுதினேன். மூன்றிலும் கீறல் இருந்த இடம் என்று ஒரு படம் வரைய வேண்டும், வரைந்தேன். மூன்றும் மூடியின் இடது மூலை. காரணம் கவனக்குறைவு. அவர் மேஜையில் குனிந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, "உன் எழுத்து எவ்ளோ அய்க்கா கீது பாரு" என்றார். அவர் போன பிறகும் நான் அந்த வேலையைத்தான் பார்க்கிறேன். போன வாரம் ஒரு பெண்ணுக்கு எழுதினேன். அதே சொல்லைத்தான் எழுதினேன். வேறு என்ன எழுதினாலும் தாள் திரும்பி வந்துவிடும்.

எனக்கு மூளை ரொம்ப அதிகம் அல்லவா, படிப்புக்கும் ஒய்-ஒய் போட்டேன். நோட்டின் பின்பக்கத்தில் கட்டம் வரைந்து, அக்கா ஏன் சொல்லை விடுகிறார் என்று எழுதினேன். கவனக்குறைவு. சரிசெய்யும் வழி என்ற இடத்தில், பேச்சைக் குறைக்க வேண்டும், டீயைக் குறைக்க வேண்டும், விடியற்காலை தியானம் என்று எழுதினேன். தலைவலி என்று அவர் சொன்னதை எழுதவில்லை. ஷிப்ட் மாறினால் எல்லாருக்கும் வருவதுதானே. பஸ்ஸில் ஏறும்போது இடது தோளைக் கம்பியில் இடித்துக்கொள்வார். "இந்தக் கம்பிக்கு என்மேல ஒரு இதுடி" என்று கண்ணடிப்பார். அதையும் எழுதவில்லை.

தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தபோது நான் ஒரு வார்த்தை சொன்னேன். அன்று ஒரு பத்தியில் பதினோரு டிக். புத்தகத்தை மடியில் வீசிவிட்டு, "உனக்குப் படிக்கணும்னு ஆசையே இல்லக்கா. நாற்காலிக்கு மட்டுந்தான் ஆசை. ஒன்னோட சேந்து என் படிப்பும் நாசமாப் போகுது" என்றேன். அவர் இரண்டு நாள் பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தார். எனக்கு இடம் மட்டும் பிடித்து வைத்திருந்தார், பையைப் போட்டு. மூன்றாம் நாள் தானே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "நீ சொன்னது கரீட்டுதான் மாரி. எனக்குக் கவனம் இல்ல. நேத்து கோயில்ல ஜெபக் குறிப்பு எழுதிப் போட்டேன், பாதர் படிச்சாரு" என்றார். என்னவென்று எழுதினாய் என்று கேட்டேன். "ஆண்டவரே, எனக்குக் கவனத்தைக் குடுன்னுதான்." எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போதாவது புரிந்துகொண்டாரே என்று நினைத்தேன். ஒரு மனுஷி தன்னிடம் இருக்கிற ஒன்றைத் தன்னிடம் இல்லை என்று நம்பி, அதற்காக ஊர் முன்னால் கையேந்தினாள். நம்ப வைத்தவள் நான்.

அதற்குப் பதினைந்து நாள் கழித்து மேஜையிலேயே விழுந்தார். கையில் இருந்த மூடி கீழே விழுந்து உடைந்தது. அந்தோணி அண்ணன் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஏறியிருந்த ஆட்களை அப்படியே இறக்கிவிட்டு வந்தார். அங்கே இங்கே அலைந்து கடைசியில் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஸ்கேன் எடுத்த மறுநாள் நான் போயிருந்தேன். ஒரு சின்ன வயது டாக்டரம்மா வந்தார். அக்காவின் கையில் அன்றைய பேப்பரைக் கொடுத்து, படிங்கம்மா என்றார்.

அக்கா படித்தார். ஒவ்வொரு வரியையும் பாதியிலிருந்து படித்தார். டாக்டரம்மா பேப்பரைப் பிடித்து மெல்ல அக்காவின் வலது பக்கம் நகர்த்தினார். அக்கா முழு வரியையும் படித்தார். மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். மறுபடி பாதி. அவ்வளவுதான் சோதனை, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எங்களோடு வராந்தாவுக்கு வந்து, "மூளையில கட்டி இருக்கு. இடது பக்கம் இருக்கறது அவங்க கண்ணுக்குத் தெரியல. தெரியலங்கறதும் அவங்களுக்குத் தெரியாது. இப்படி வரியை விட்டுப் படிக்கறது ரொம்ப நாளா இருக்கணுமே, யாரும் கவனிக்கலையா?" என்று கேட்டார். "படிக்கறதுலாம் இந்தப் பொண்ணுகூடத்தான் டாக்டர்" என்று அந்தோணி அண்ணன் என்னைக் காட்டினார். இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"இல்ல மேடம். நல்லாத்தான் படிச்சாங்க" என்று சொன்னேன். பொய் சொன்னேன். இன்றுவரை அந்தோணி அண்ணனுக்குத் தெரியாது. இதைப் படிக்கும்போது தெரிந்துகொள்வார்.

ஹாஸ்டலுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தேன். எட்டு மாதம் நான் போட்ட டிக். பக்கம் பக்கமாகத் திருப்பினேன். ஒன்றுகூட வரியின் நடுவில் இல்லை, ஒன்றுகூட வலது ஓரத்தில் இல்லை. எல்லாம் இடது ஓரம், வேலி போட்டதுபோல் மேலிருந்து கீழ்வரை. எங்கள் லைனில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தரும் பாடம் ஒன்று உண்டு. குறை இடம் மாறி மாறி வந்தால் ஆளைப் பார், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் ஆளை விட்டுவிட்டு மூடி வார்க்கும் அச்சைப் பார். புதிதாக வரும் பெண்களுக்கு அந்தப் பாடத்தை எடுப்பதே நான்தான். விளக்கு மூடிக்குக் காட்டிய நியாயத்தைப் பக்கத்தில் நின்ற மனுஷிக்கு நான் காட்டவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். கெட்டது அவர் கண், நமஸ்காரம் செய்துகொண்டிருப்பது நான்.

இன்னொரு நாள் டாக்டரம்மாவைத் தனியாகப் பிடித்து, ஆறு மாதம் முன்னால் கூட்டி வந்திருந்தால் என்று கேட்டேன். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். "இந்த மாதிரிக் கட்டிக்கு உறுதியா எதுவும் சொல்ல முடியாதும்மா. கொஞ்ச நாள் கூடக் கிடைச்சிருக்கலாம்" என்றார். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அந்தத் தேர்வை எழுதுகிற அளவுக்காவது இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. படுத்தால் அதுதான் வருகிறது.

தேர்வு அன்று எனக்கு சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம். போகமாட்டேன் என்றேன். அக்கா வார்டில் படுத்துக்கொண்டே கையை ஓங்கினார். "போடி. என் ஹால் டிக்கெட்டும் வீணு, உன்னுதும் வீணா? போய் எய்திட்டு, கேள்வித்தாள எட்தா" என்றார். போனேன். உரைப்பத்தி வந்தது. என் கண் எல்லா எழுத்தையும் பார்த்தது, இடது ஓரம் வலது ஓரம் எல்லாம். மூன்று தடவை படித்தேன். மனசு வார்டில் கிடந்தது. ஏதோ ஐந்து விடையைக் கறுப்பாக்கிவிட்டு எழுந்து வந்தேன். வாசலில் பையன்கள் விடைகளைப் பேசிக்கொண்டிருந்ததில், ஐந்துக்கு மூன்றுதான் சரி என்று தெரிந்துவிட்டது.

மின்சார ரயில் ஏறி நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். சாயங்காலம், பார்வையாளர் நேரம். அந்தோணி அண்ணன் டீ வாங்கப் போயிருந்தார். அக்காவின் தலையில் முடி எடுத்திருந்தார்கள். "அந்தப் பத்திய படி" என்றார். வேண்டாம்க்கா, ஓய்வெடு என்றேன். "படின்னா படி. கண்ணுக்குத்தான தெர்ல, காது கீதுல்ல?"

படித்தேன். ஏரிகளைப் பற்றிய பத்தி. ஒன்றுக்கொன்று தொடுத்த ஏரிகள், கலங்கல், மதகு, தூர் வாரும் காலம், கரையில் ஏன் மரம் வைத்தார்கள் என்றெல்லாம் ஒன்றரைப் பக்கம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒருமுறைதான் படித்தேன். முதல் கேள்வி, மிகுதி நீர் எங்கே செல்லும்? "மேல் ஏரி ரொம்பினா கலங்கல் வயியா கீய் ஏரிக்குப் போவும். இத்தப் போய் ஒரு கேள்வின்னு கேட்டுகிறான்." சரி. இரண்டாவதும் சரி. அடுத்தது நான் தப்பாக எழுதிய மூன்றாவது கேள்வி. நாலு விடைகளையும் படித்தேன். அவர் யோசித்தார். "முதல்ல சொன்ன பாரு, அது தப்பு. கேட்டா சரி போலத் தெரியும், ஆனா பத்தில அப்டி சொல்லல. மூணாவதுதான்" என்றார். நான் முதல் விடையைத்தான் போட்டிருந்தேன். நாலாவதும் சரி. கடைசிக் கேள்வி பத்திக்குத் தலைப்பு, அதிலும் நான் தவறியிருந்தேன், அவர் தவறவில்லை.

"எத்தினி?"

"அஞ்சும் சரிக்கா."

கண்ணைத் திறந்தார். "அப்போ எனக்குக் கவனம் கீதா இல்லியா?"

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். "இருந்துச்சுக்கா. எப்பவும் இருந்துச்சு. ஒனக்கு இடது பக்கம் கண்ணு தெரியல. நான் போட்ட டிக் எல்லாம் இடது பக்கந்தான் கெடக்கு. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். ஒன்னையப் போட்டுத் திட்டிட்டே இருந்துட்டேன்." கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் கையை நீட்டி என் தலையைத் தடவினார், பரவாயில்லை என்றார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் அப்படிச் செய்யவில்லை.

"தெரிஞ்சா மட்டும் இன்னா பண்ணியிருப்ப?" என்றார். "ஷீட்ல எய்தியிருப்ப."

பிறகு அவரே கேட்டார். "அடுத்த தபா பரீட்ச எப்போ?"

"அடுத்த வருஷம் வரும்க்கா."

"எனக்கு வயசு பூடும்ல?"

வயதைப் பற்றிய கேள்வி இல்லை அது என்று இருவருக்கும் தெரியும்.

"சரி உடு. அஞ்சுன்னு எய்து. அதுலயே எய்து, உன் அய்க்கான எழுத்துல" என்றார். கேள்வித்தாளில் அந்தப் பத்திக்கு மேலே 'ஸ்டெல்லா, 5/5' என்று எழுதினேன். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். தாளின் நடுவில் அத்தனை இடம் கிடக்க, வலது ஓரத்தில் கொண்டுபோய், எழுத்துகளை ஒன்றின்மேல் ஒன்று நெருக்கிப் போட்டார். கடைசி எழுத்து தாளுக்கு வெளியே போர்வையில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் பேனாவைத் தொடவில்லை. பதினெட்டு நாள் இருந்தார்.

அடக்கத்தன்று மணிமங்கலத்தில் அந்தோணி அண்ணன் அவருடைய புத்தகங்களை எல்லாம் ஒரு பையில் போட்டு, "நீயே வச்சிக்கம்மா, நீ பாஸ் பண்ணா அவ சந்தோசப்படுவா" என்று கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். நான் இனித் தேர்வு எழுதப்போவதில்லை. பிடிவாதம் இல்லை, முடியவில்லை. எந்தப் பத்தியை எடுத்தாலும் ஒவ்வொரு வரியின் முதல் சொல்லிலும் நின்றுவிடுகிறேன், அதைத் தாண்டிப் போக முடியவில்லை. நம் குழுவில் இன்னும் படிப்பவர்களுக்கு அந்தப் புத்தகங்கள் வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், என் டிக் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கேள்வித்தாளை மட்டும் தரமாட்டேன். அதை எந்த ஆபீசிலும் கொடுக்க முடியாது, அதற்காக எவனும் ஒரு நாற்காலி போடப்போவதில்லை. ஆறு வருடத்தில் ஸ்டெல்லாக்காவைப் பற்றி என் அழகான கையெழுத்தில் நான் நாலு தாள் எழுதியிருக்கிறேன். நாலிலும் அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். உண்மையை எழுதியது இந்த ஒன்றில்தான்.